நீண்ட வலது வளைவு

கருமத்தம்பட்டி
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிருபாசங்கர் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், தறிகள் எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. நகோயாவில் நீயும் மச்சானும் சுகமா? அங்கே வெயில் கொளுத்துவதாகச் செய்தியில் பார்த்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கவும்.

காரியம் என்னவென்றால், பெங்களூரில் புதிதாகக் கார் ரேஸ் கேம் செய்கிற கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறது. என் வீடியோ சேனலில் நான் கேம் கார்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் வீடியோக்களை அவர்கள் பார்த்தார்களாம். எந்தக் கார் எப்படித் திரும்ப வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு ஆள் வேண்டுமாம். அக்கா, அப்படி ஒரு வேலை இந்த உலகத்தில் இருக்கிறது! இத்தனை வருஷமாக நாம் இரண்டு பேரும் சும்மா செய்துகொண்டிருந்தோம்.

ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கிற மூன்று கேம்களில் ஒரே காரை ஓட்டி, எது சரி, எது தப்பு, ஏன் என்று அக்டோபர் முடிவதற்குள் ரிப்போர்ட் தர வேண்டும். கார் எது தெரியுமா? எம்ஆர்2. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மாடல். என்ஜின் ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்குமே, அதேதான். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். காலை எடுக்காதவனை ஒன்றும் செய்யாது. அது காரைப் பற்றிய பரீட்சையே இல்லை, காலைப் பற்றிய பரீட்சை. என் காலைப் பற்றி உனக்குத் தெரியும்.

அப்பா தை மாதம் வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். "அதுக்குள்ள வேலையில சேர்ந்தீன்னா செரி. இல்லீன்னா அந்த ஸ்டியரிங்கையும் பெடலையும் எடைக்குப் போட்டுப்போட்டுத் தறியப் பாரு" என்றார். எனக்கு இந்த வேலை வேண்டும் அக்கா. வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

முதல் கேம் 'மிட்நைட் லூப்' ஓட்டினேன். கெரகம்! சின்ன வளைவெல்லாம் நன்றாகத்தான் போகிறது. நீண்ட வலது வளைவில் நடுவில் வந்ததும், நான் காலை எடுக்காமலே சுற்றுகிறது. இதையெல்லாம் ஓட்டிப் பார்க்காமலே விற்றுவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இதைப் பேச முடியாது. அம்மா உன் வீட்டுக் குழம்பை விசாரிப்பதற்கே நேரம் போதாது. அதனால் வழக்கம்போல் இமெயிலிலேயே எழுது.

உன் தம்பி,
கிருபா


நகோயா
28 ஜூலை 2024

என் கண்ணு கிருபாவுக்கு,

அக்கா லோகப்பிரியா எழுதுவது. நானும் உன் மச்சானும் நலம். அவர் ஆபீஸ், வீடு, தூக்கம் என்று மூன்று இடத்தில்தான் தென்படுகிறார். அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். சொன்னால் கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் ஒரு ஆட்டம் போட்டேன். மச்சான் பயந்துவிட்டார். நீ தீர்ப்புச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? பிரேக் ஒரு நூல் முன்பின்னாக இருந்தாலும் கண்டுபிடிக்கிற கால் அது. எனக்கு வருகிற கோபம் எல்லாம் அந்த மிட்நைட் லூப் செய்தவர்கள் மேல்தான். சும்மா விடுவேனா? அவர்கள் இணையப் பக்கத்தில் ஜப்பானிய மொழியிலேயே நீளமாக எழுதிப் போட்டுவிட்டேன். "இந்தியாவில் என் தம்பி இருக்கிறான், அவன் காலை விட உங்கள் கணக்கு பெரியது இல்லை" என்கிற அளவுக்கு. ஒருவன் கீழே வந்து, "எனக்கு அப்படி ஒன்றும் சுற்றவில்லையே" என்று மரியாதையாகக் கேட்டான். அவனையும் ஒரு பிடி பிடித்தேன்.

நானும் அந்தக் கேமை வாங்கப் போகிறேன். இரண்டு பேரும் ஓட்டினால் ரிப்போர்ட்டுக்குப் பலம்.

அது போகட்டும். நாலு மணி நேரம் அசையாமல் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாயாமே? எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாய் என்று அம்மா சொன்னார். முதுகு எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுது.

அன்பு அக்கா,
லோகா


கருமத்தம்பட்டி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சௌக்கியம். உன் சுகமும் மச்சான் சுகமும் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆடி நோம்பிக்கு ஒறம்பரைச் சனமெல்லாம் வந்து வீடே திருவிழாவாக இருந்தது.

இரண்டாவது கேம் 'ட்ரூ கார்னர்'. பெயருக்கேற்ற மாதிரி டயர் சூடு, ரோட்டு ஈரம் எல்லாம் கணக்குப் போடுகிற கேம். பெரிய நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் அருமை. ஸ்டியரிங்கில் முன் டயர் பேசுவது கைக்குத் தெரிகிறது. அப்புறம் அதே நீண்ட வலது வளைவு, அதே நடு, அதே சுற்று. காலை எடுக்கவில்லை என்று எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சொல்வேன். இவர்கள் எல்லோரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பி அடித்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இதைக் கிழிக்கப் போகிறேன்.

நம் பிக்கப் வண்டியை இப்போது எனக்குப் பதிலாகத் தறியில் வேலை செய்கிற பாலுசாமிதான் ஓட்டுகிறார். திருப்பூருக்குத் துணி கொண்டுபோவதெல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு ரிப்போர்ட் வேலை இருக்கிறது அல்லவா, அதனால் அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சரி என்றார்.

ஒரு சிரிப்பு கேள். போன வாரம் சோமனூர் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் அம்மா, "ஏங்கண்ணு, இன்னொரு செருப்பு எங்க?" என்கிறார். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பே இல்லை! எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. எம்ஆர்2 நினைப்பில் ஒற்றைச் செருப்போடு ஊரைச் சுற்றி வந்திருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன், பேக்கரி வாசலில் கிடந்தது. பேக்கரிக்காரர், "ஏனுங், ஒரு கால் தீர்த்த யாத்திரை போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

மச்சானுக்கு என் அன்பு. வேறொன்றும் விசேஷமில்லை.

கிருபா


நகோயா
8 செப்டம்பர் 2024

கிருபா கண்ணுக்கு,

நாங்கள் நலம். அங்கே எல்லோர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

செருப்புக் கதையை மச்சானிடம் சொன்னேன். "உன் தம்பிக்குக் கல்யாணம் பண்ணி வைக்க நேரம் வந்தாச்சு" என்கிறார். ஆனால் நான் முதுகைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. மறந்துவிட்டாயா, மறைக்கிறாயா?

இப்போது பெரிய செய்தி. என்னோடு வேலை செய்கிற ஒரு பெண் சொன்னாள், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ரேஸ் ட்ராக் இருக்கிறதாம். பழைய கார்களைப் பணம் கட்டி ஓட்டிப் பார்க்கலாமாம், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்காருவாராம். அங்கே தொண்ணூற்றொன்றாம் வருஷத்து எம்ஆர்2 நிற்கிறது! நிஜக் கார், கண்ணு! அக்டோபர் மாதம்தான் இடம் கிடைத்தது. பெயர் கொடுத்துவிட்டேன். நான் ஓட்டிவிட்டு வந்து சாட்சி சொல்கிறேன், "நிஜக் கார் இப்படி இல்லை, கேம்தான் தப்பு" என்று. ரிப்போர்ட்டில் என் பெயரையும் போடு.

மிட்நைட் லூப்பை நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்குச் சுற்றவில்லை. நான் மெதுவாகப் போகிறேனோ என்னவோ. நீ ஓட்டியதைப் பதிவு பண்ணி அந்த ஃபைலை அனுப்பு. அப்படியே என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன். அந்த மரியாதைக்காரன் மூஞ்சியில் எறியவும் ஆதாரம் வேண்டும்.

லோகா


கருமத்தம்பட்டி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

அனைவரும் நலம். ஃபைலை இதோடு சேர்த்திருக்கிறேன்.

மூன்றாவது கேம் 'ஹில் ரன்'. சின்னக் குழந்தைகளுக்கான கேம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் ரோட்டிலேயே நிற்கும் என்று பேர். அதிலும் சுற்றுகிறது. நீண்ட வலது வளைவில், நடுவில். நான் காலை எடுக்கவில்லை. ரிப்போர்ட் எழுதி முடித்துவிட்டேன்: மூன்றும் தப்பு. யாரும் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

நீ ஓட்டிவிட்டு வந்து உடனே எழுது. சும்மா ஒரு வரி எழுதினாலும் போதும், சுற்றியது, சுற்றவில்லை என்று.

கிருபா


நகோயா
20 அக்டோபர் 2024

என் சாமி கிருபாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நேற்று ஓட்டினேன். சிவப்புக் கார். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, என்ஜின் பொடனிக்குப் பின்னால் உறுமுகிறது. பயிற்சியாளர் ஹரா என்று என் வயதுப் பெண். "வளைவு முடிகிறவரை காலை அசைக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். நீண்ட வலது வளைவு ஒன்று அங்கேயும் இருந்தது. காலை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காலை அசைக்கவில்லை. கார் ஒட்டிக்கொண்டு போனது பார், எனக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது, கத்தினேன். நிஜமாகவே உன்னை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஹரா, "இப்போது வேண்டுமென்றே கொஞ்சம் காலைத் தளர்த்துங்கள்" என்றாள். தளர்த்தினேன். அவ்வளவுதான், வானம் ஒரு சுற்று, புல் ஒரு சுற்று. புழுதி அடங்கினதும் இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து மூன்று கேமையும் ஓட்டினேன் கண்ணு. காலை அசைக்காவிட்டால் மூன்றிலும் சுற்றவில்லை. தளர்த்தினால் முதல் இரண்டில் உடனே சுற்றுகிறது. ஹில் ரன்னில் முழுதாக எடுத்தால்தான் சுற்றுகிறது. அதன்பிறகு நீ அனுப்பிய ஃபைலைப் போட்டேன். ஓட்டும்போது நீ, பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் கோடு திரையில் தெரியாமல் மறைத்துவைப்பாய் அல்லவா, கோட்டைப் பார்ப்பவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று? நான் அதைத் திறந்து பார்த்தேன். வளைவு தொடங்கும்போது ஆக்சிலரேட்டர் கோடு மேலே இருக்கிறது. நடுவில் வரும்போது மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். சின்ன வளைவில் இறங்குவதில்லை, கால் களைப்பதற்குள் வளைவு முடிந்துவிடுகிறது.

நீ பொய் சொல்லவில்லை. நீ எடுக்கவில்லை. உன் கால் தானாக இறங்குகிறது, அது உனக்குத் தெரியவில்லை. செருப்பு கழன்றது தெரியாத மாதிரி. நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி நர்ஸிடம் கேட்டேன். முதுகுத் தண்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் இப்படி ஆகுமாம். தள்ளிப் போட்டால் கால் அப்படியே செயலற்றுப் போய்விடுமாம். அவள் சொன்னதைச் செய்: சுவரைத் தொட்டுக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கு. அப்புறம் வலது காலில். தூக்க முடிந்தால் நான் எழுதியதை எல்லாம் மன்னித்துவிடு.

ரிப்போர்ட்டை அனுப்பாதே. இந்த வேலை உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதைவிட எனக்கு உன் கால் பெரியது. பிக்கப்பைத் தொடாதே.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, கிருபா.

அக்கா


கருமத்தம்பட்டி
21 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

ஒரு நாள் வாடகைக் கார் ஓட்டிவிட்டு டாக்டர் ஆகிவிட்டாய். நன்றி. ரிப்போர்ட்டை இன்று அனுப்பிவிட்டேன். இங்கே யாவரும் நலம்.

கிருபாசங்கர்


நகோயா
10 நவம்பர் 2024

கிருபாவுக்கு,

சுகமா கண்ணு? தீபாவளி அன்று வீடியோ காலில் நீ வரவில்லை. "தூங்கறான்" என்று அம்மா சொன்னார். பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரமாக வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டிருக்கிறேன், பலகாரம் கூட இறங்கவில்லை.

நீ என்மேல் கோபப்படு. உன் ஆசையில் மண் அள்ளிப் போட்டேன் என்று வை. பேசாமல் இரு, வருஷக் கணக்காகப் பேசாமல் இரு. ஆனால் இரண்டு காலில் நின்றுகொண்டு பேசாமல் இரு.

மிட்நைட் லூப்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். அந்த மரியாதைக்காரனுக்கும் தனியாக எழுதினேன். "பரவாயில்லை, உங்கள் தம்பி நலமா?" என்று கேட்டிருக்கிறான். நான் என்ன பதில் சொல்லட்டும்?

இந்த மாதம் முடிவதற்குள் நீயே அப்பாவிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அக்கா


கருமத்தம்பட்டி
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. முதல் தடவையாக இதை எழுதுகிறேன், எழுதியதும் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன். இடது கால் தூக்கியது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன், அது யாரோ ஒருத்தருடைய காலாக அங்கே கிடக்கிறது. அந்தக் கோபத்தில்தான் உனக்கு எழுதினேன். அதே கோபத்தில் ரிப்போர்ட்டையும் அனுப்பினேன்.

ஆனால் எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆடி மாதமே தெரியும். நீலாம்பூர் சிக்னலில் பிக்கப் நிறைய லோடோடு வந்து பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். கால் பெடலில் இல்லை. முன்னால் ஒரு அம்மா மொபெட்டில் பையனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நின்றிருந்தார். கைப் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். அந்தப் பையன் திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டினான், அக்கா. அன்றைக்கே சாவியைப் பாலுசாமியிடம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வேலை என்று பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் நான் காரைச் சோதிக்கவில்லை. ஏதாவது ஒரு கேமில் கார் சுற்றாமல் நின்றுவிட்டால் என் காலுக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கம்பெனி சொன்னது மூன்று. உனக்குச் சொல்லாமல் இன்னும் இரண்டு கேம் வாங்கினேன். ஐந்தும் ஒரே பதில்தான் சொன்னது. ஐந்தையும் திட்டினேன். முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று எல்லோரும் சொல்வார்களே, அந்தப் பயம். வேலை போய்விடும் என்கிற பயம். "நாலு மணி நேரம் பொம்மைக் கார் ஓட்டித்தான் இப்படி ஆச்சு" என்று அப்பா சொல்வாரே என்கிற பயம் எல்லாவற்றிலும் பெரியது.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் தறியை நிறுத்தினார். என் வலது காலைக் கையில் எடுத்து, விரல் விரலாக அழுத்தி, "இது தெரியுதா? இது தெரியுதா சாமி?" என்று கேட்டார். கடைசி இரண்டு விரல் தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. "கெளம்பு" என்றார். கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். நர்ஸ் சொன்னதேதான். ஆபரேஷன் சீக்கிரம் செய்ய வேண்டும், முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அம்மா கோவிலுக்குப் பூக்கேட்கப் போனார். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு. அம்மா விடவில்லை. "சாமிக்கு இந்தத் தறிக்காரங்க பேச்சு வெளங்கலையாட்ட இருக்குது" என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் கட்டிவைக்கச் சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளை வர்ற வரைக்கும் கேக்கறதுக்கு எதுக்குச் சாமி? பையன் கால்தான் சொல்லிப்போடுச்சே, வா போலாம்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நான் செய்ததும் அதே வேலைதானே.

வியாழக்கிழமை ஆபரேஷன். பெங்களூருக்கும் எழுதிவிட்டேன், ரிப்போர்ட் தப்பு, மூன்று கேமும் சரி, என் கால்தான் தப்பு என்று. மறுநாளே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, வேறு ஒருவரை எடுத்துக்கொண்டோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனுஷர்கள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

உனக்கு அப்படி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி,
கிருபா


நகோயா
25 நவம்பர் 2024

என் தங்கமே,

மன்னிப்பாவது ஒன்றாவது! படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்கிற ஒருத்தி கதவைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "என் தம்பி பதில் எழுதிவிட்டான்" என்றேன். அவள் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். புதன்கிழமை காலை கோயம்புத்தூரில் இறங்குகிறேன். அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் சமைக்க ஆரம்பித்துவிடுவார். நீ கண் விழிக்கும்போது என் மூஞ்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அது உனக்குத் தண்டனை.

வேலை போனதைப் பற்றி நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். எனக்கும் வயிறு எரிகிறது.

லோகா அக்கா


கருமத்தம்பட்டி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் மச்சானும் சுகமா? நீ திரும்பிப் போனதிலிருந்து அம்மா ஒரு தட்டு அதிகமாகக் கழுவி வைக்கிறார்.

தை முடிந்துவிட்டது. அப்பா ஸ்டியரிங்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்டேன், "எடைக்குப் போட்டர்லாங்களா?" என்று. "ஏன், உனக்கு அது இடஞ்சலா இருக்குதா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. காலையில் தறிப் பக்கம் போகிறேன், கணக்குப் பார்க்கிறேன், பாலுசாமி பக்கத்தில் உட்கார்ந்து திருப்பூர் வரை போய் வருகிறேன். வண்டியை இன்னும் தொடவில்லை. டாக்டர் சொல்லாமல் தொடமாட்டேன். இதற்கு நீ சத்தியம் கேட்க வேண்டாம்.

வேலை விஷயம் மனசில் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கேம் வந்ததும் வாங்கி ஓட்டி, வேறு ஒருவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று பார்ப்பேன். அன்றைக்கு வயிறு எரியும், எரியட்டும்.

கால் எப்படி இருக்கிறது என்றுதானே கேட்பாய்? பிசியோதெரபி நடக்கிறது. குதிகால் கொஞ்சம் எழும்புகிறது, நின்று பிடிக்கவில்லை. கடைசி விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது வந்தாலும் வரும், வராமலும் போகும், எதையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம் என்றார் டாக்டர். சரி என்றேன். ராத்திரி அதைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன்.

நேற்றுத்தான் சித்த நேரம் உட்கார்ந்து ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. இரும்பு நாற்காலி இல்லை, முதுகுக்கு அணை வைத்த நாற்காலி. மிட்நைட் லூப்பைப் போட்டேன். எம்ஆர்2. அப்பா எதற்கோ உள்ளே வந்தவர் போகாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை.

சின்ன வளைவுகள் போயின. நீண்ட வலது வளைவு வந்தது. காலை வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். பாதி வளைவு வரை நின்றது, அதற்கப்புறம் கார் சுற்றிக்கொண்டு சுவரில் போய் மோதியது. நான் நாற்காலியில் இருந்தபடியே கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்டா, போய்ச் செவுத்துல மோதிப்போட்டு எதுக்குடா இந்தச் சிரிப்பு?" என்றார்.

"கால் எறங்கிப்போச்சுங்கப்பா" என்றேன். "அது எறங்கினது எனக்குத் தெரிஞ்சுதுங்க."

உன் தம்பி,
கிருபா